நிகர எடை

சிலாமா போகும் சாலையில்
ஒரு கடைத்தெரு, இரண்டு கோயில், ஒரு செம்பனை ஆலை.
ஆலை வாசலில் என் வேலை எடைபோடுவது.
லோரி குலையோடு ஏறும், எழுதுவேன்.
கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும், எழுதுவேன்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.

பதின்மூன்று வயதில், இடப்பக்கம்
காம்புக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை.
தொட்டால் வலித்தது.
தைப்பூசத்துக்குள் வலப்பக்கமும்.
குலை வெட்டிவிட்டு வெற்றுடம்பாய் வந்த அப்பா
ஒருமுறை பார்த்தார்.
"கொழுப்புடா. மூட்டை தூக்கு, கரையும்."
தூக்கினேன்.
தோள் அகன்றது, கை முறுகியது,
அது மட்டும் கரையவில்லை.

பள்ளித் திடலில்
சட்டை போட்ட கூட்டம், கழற்றிய கூட்டம் என்று பிரிப்பார்கள்.
கோல்கீப்பரிடம் யாரும் சட்டையைக் கேட்பதில்லை.
நான் கோல்கீப்பர் ஆனேன்.
பந்தை ஒருநாளும் நெஞ்சில் வாங்கமாட்டேன்,
கையாலேயே பிடிப்பேன்.
அதைத் திறமை என்றார்கள், மாவட்டம் வரைக்கும்.

பிறகு இருபது வருடம்.
உள்ளே இறுக்கமாய் ஒரு பனியன்,
அதன்மேல் இன்னொன்று,
அதற்கும் மேல் கம்பெனிச் சட்டை.
வியர்வையில் ஒட்டும்போதெல்லாம்
இரண்டு விரலால் சட்டையை முன்னால் இழுத்துவிடுவேன்.
கல்யாண வீடியோவில் நாற்பத்தொரு தடவை.
ரூபாவதி எண்ணிச் சொன்னாள், சிரிக்காமல்.
மறுநாள் அவளே கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

தைப்பிங் ஆஸ்பத்திரி, மார்பகச் சிகிச்சைப் பிரிவு.
பெஞ்சு முழுக்கப் பெண்கள்.
தலையில் துணி சுற்றிய சீன அம்மாள் ஒருவர்
மலாயில் கேட்டார்:
மனைவிக்கா?
எனக்கு.
ஒன்றும் சொல்லவில்லை.
பையை மடிக்கு எடுத்துக்கொண்டு இடம் விட்டார்.

டாக்டர் நோர்ஹயாத்தி
கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
என் இருபது வருடத்தைக் கிள்ளிப் பார்த்தார்.
கொழுப்பில்லையாம், சுரப்பித் திசுவாம்.
எல்லா ஆணுக்கும் உள்ளே கொஞ்சம் கிடக்குமாம்,
ஆண் சுரப்பு இறங்கி, பெண் சுரப்பு ஏறினால்
விழித்துக்கொள்ளுமாம்.
பையன்களுக்கு வரும், ஓரிரு வருடத்தில் தானே போகும்,
சிலருக்குப் போகாது.
குடி உண்டா? வயிற்றெரிச்சல் மாத்திரை?
ஜிம்மில் யாராவது ஊசி கொடுத்தார்களா?
கீழேயும் சோதிக்க வேண்டும் என்றார், சோதித்தார்.
மூன்று குப்பி ரத்தம், ஒரு ஸ்கேன், எல்லாம் சரி.
"பியாசா," என்றார் கையைக் கழுவிக்கொண்டே.
வழக்கமாய் வருவதுதான்.
அந்தச் சொல் தமிழிலும் இருந்திருக்கும்.
நான்தான் யாரிடமும் கேட்கவில்லை.

திசு இளசாய் இருந்தபோதே வந்திருந்தால்
மாத்திரைக்குக் கேட்டிருக்கலாம்.
இப்போது நாராகிவிட்டது. கத்திதான்.
ஏழு மாதம் காத்திருந்தேன்.

காம்பைச் சுற்றிய கறுப்பின் ஓரமாய் ஒரு வளைந்த வெட்டு.
இரண்டு குழாய், இரண்டு குப்பி, சிவந்த நீர்.
ஆறு வாரம் இறுக்கச் சட்டை போட வேண்டும் என்றார்கள்.
எனக்கா சொல்லித்தர வேண்டும்?
இடப்பக்கம் காசளவு இடம் இன்னும் மரத்துக் கிடக்கிறது.

நர்சிடம் ஒன்றுதான் கேட்டேன்:
எடுத்ததை எடை போட்டீர்களா?
ஒருமாதிரி பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினாள்.
இடம், எண்பத்திரண்டு கிராம்.
வலம், எழுபத்தாறு.
உதிரிப் பழம் பதினைந்து தேறும்.
என் தராசு
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் கணக்கில் எடுக்காது.

நேற்று மழை சாய்த்து அடித்தது.
தொப்பலாய் நனைந்த சட்டையைக் கழற்றி
எடைக்கூண்டில் பிழிந்துகொண்டிருந்தேன்.
சன்னலுக்கு வெளியே லோரி வந்து நின்றது.
அஞ்சப்பன் கண்ணாடியை இறக்கினான், பார்த்தான்.
என் இரண்டு விரல்
சட்டையைத் தேடிப் போய் வெறும் தோலில் நின்றன.

"நெட்டு எவ்வளவுண்ணே?" என்றான்.